மோட்டார் சாவி யாருடையது? ரோட் ஐலண்ட் சரித்திரம் நமக்குச் சொல்வது

 

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வந்து உதவி செய்த அத்தனை தொண்டர்களுக்கும் முதலில் நன்றி. இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். நைட் ஷிப்ட் ஓய்வு நேரத்தில் நாலு நாளா கொஞ்சம் கொஞ்சமா எழுதினது. ஒரு தே ஓ கலந்து வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க. படிச்சுட்டு திட்டணும்னு தோணினா திட்டுங்க, கோவிச்சுக்க மாட்டோம்.

விஷயம் என்னன்னு நம் சமையல் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட குடும்பத்தைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார்கள், அதனால் பெயர் இல்லை.

நம்மோடு 11 வருஷமா காய் நறுக்கிக் கொடுக்கும் ஒரு அக்கா. போன வருஷம் ஒரு ஆபரேஷன் ஆனது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லா பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள். அக்கா அவர்களோடு ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை நம் கோயிலுக்கும் வந்தார், விபூதி பூசினார், வெங்காயம் உரித்தார். இது குழுவில் தெரிந்ததும் பெரிய பேச்சாகிவிட்டது. "ரெண்டு படகில் கால்" என்று ஒருத்தர். "மடப்பள்ளிப் பக்கமே விடக்கூடாது" என்று இன்னொருத்தர். கடைசியில் அக்காவின் கணவரே வாட்சப் குழுவில் ஒரு செய்தி போட்டார். மோட்டார் சாவியை எடுத்து வச்சுட்டேன், இனிமே அவ எங்கேயும் போக மாட்டா, யாரும் கவலைப்பட வேண்டாம் என்று.

அதுக்குக் கீழே 37 பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினோம். எங்கள் விரலும் அதில் ஒன்று.

அப்போது சின்ன வயசுத் தம்பி ஒருவர் ஒரே ஒரு வரி கேட்டார்: "அண்ணே, அந்த மோட்டார் யார் காசுல வாங்கினது?"

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும், அது அக்கா தன் சம்பளத்தில் மாதா மாதம் கட்டி முடித்த மோட்டார்.

அந்தக் கேள்வி தூங்க விடவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று சட்டம் படிக்கிறது. அதனிடம் இதைச் சொன்னபோது, "அப்பா, 1638-லேயே இதே மாதிரி ஒரு கேஸ் நடந்திருக்கு, படிச்சுப் பாருங்க" என்று சொல்லி புத்தகம் கொடுத்தது. எஸ்பிஎம் இங்கிலீஷை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிப் படித்தோம். புரியாத இடத்தில் பிள்ளையைக் கேட்டோம். படித்ததை உங்களுக்கும் சொல்கிறோம்.

பனியில் துரத்தப்பட்ட மனிதர்

ஆள் பெயர் ரோஜர் வில்லியம்ஸ். சுமார் 1603-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்த பாதிரியார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அரசாங்கம் சொன்ன முறையில்தான் சாமி கும்பிட வேண்டும். மாற்றிக் கும்பிட்டால் அபராதம், ஜெயில். அதுக்குப் பயந்து பியூரிட்டன் என்ற ஒரு பிரிவினர் கப்பலேறி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்ற இடத்தில் குடியேறினார்கள். வில்லியம்ஸும் 1631-ல் பாஸ்டனில் போய் இறங்கினார்.

வேடிக்கை என்னவென்றால், சமயத்துக்காக அடிபட்டு ஓடி வந்த அதே மக்கள், தங்கள் கைக்கு ஊர் வந்ததும் மற்றவர்களை அடிக்க ஆரம்பித்தார்கள். தங்கள் முறையில் கும்பிடாதவனுக்கு அந்த ஊரில் இடமில்லை. மாமியாரிடம் கஷ்டப்பட்ட மருமகள், தான் மாமியார் ஆனதும் அதையே செய்வது போல.

வில்லியம்ஸ் இதை எதிர்த்தார். அவர் சொன்னதில் மூணு விஷயம் முக்கியம். முதலாவது, கொலை, திருட்டு போன்ற குற்றங்களை அரசாங்கம் தண்டிக்கலாம். கடவுளை எப்படிக் கும்பிடுவது என்பதில் அதுக்கு வேலை இல்லை. இரண்டாவது, நம்பிக்கை இல்லாதவனைக் கடவுள் பெயரில் சத்தியம் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. மூன்றாவது, இந்த நிலம் பூர்வகுடி மக்களுடையது. இங்கிலாந்து ராஜா ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் அது நம் சொத்து ஆகாது, காசு கொடுத்து வாங்க வேண்டும்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று மனசாட்சி பற்றி, ஒன்று வாக்கு பற்றி, ஒன்று சொத்து பற்றி. ஆனால் உள்ளே இருப்பது ஒரே கருத்துதான். அடுத்தவனுடையதை அவன் சம்மதம் இல்லாமல் எடுக்காதே.

1635 அக்டோபரில் அவரை ஊரை விட்டுத் தள்ளி வைக்கத் தீர்ப்பானது. குளிர்காலம் முடியும் வரை வாயை மூடிக்கொண்டு இருந்தால் இருக்கலாம் என்றார்கள். அவர் வாயை மூடவில்லை. வீட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப் பேசினார். பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்ப ஆள் வருகிறது என்று தெரிந்ததும், 1636 ஜனவரியில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு பனிக்காட்டில் தனியாக நடந்தார். 14 வாரம் சோறும் படுக்கையும் சரியாக இல்லாமல் அலைந்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அவரைக் காப்பாற்றியது கிறிஸ்தவர்கள் இல்லை. வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்கள்தான்.

பிறகு நாரகன்செட் மக்களின் தலைவர்கள் கனோனிகஸ், மியான்டோனொமி இருவரிடமும் பேசி நிலம் பெற்று ஓர் ஊர் அமைத்தார். பிராவிடன்ஸ் என்று பேர் வைத்தார். பிறகு அது ரோட் ஐலண்ட் என்ற காலனியில் சேர்ந்தது. அந்த ஊரில் புதிதாகச் சேருகிறவர்கள் 1637 வாக்கில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஊர்ப் பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுவோம், ஆனால் உலக விஷயங்களில் மட்டும் என்று. அந்த "மட்டும்" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. குப்பை எங்கே கொட்டுவது, ரோடு எப்படிப் போடுவது என்பதில் ஓட்டு எடுக்கலாம். சாமி விஷயத்தில் ஓட்டு கிடையாது. 100 பேரில் 99 பேர் கை தூக்கினாலும் அந்த ஒருத்தரைத் தொட முடியாது.

வெரின் வீட்டுக் கதை

இப்போ நம் கதைக்கு வருவோம். வில்லியம்ஸோடு முதலில் வந்தவர்களில் ஜோஷுவா வெரின் என்று ஒருவர். அவர் மனைவி பெயர் ஜேன். வில்லியம்ஸ் வீட்டுக்குப் பக்கத்து வீடு. வில்லியம்ஸ் நடத்தும் பிரார்த்தனைக்கு ஜேன் அடிக்கடி போவார். வெரினுக்கு அது பிடிக்கவில்லை. போகக்கூடாது என்று தடுத்தார். அடித்ததாகவும் வில்லியம்ஸ் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

ஊர் கூடியது. வில்லியம் ஆர்னால்ட் என்பவர் வெரின் பக்கம் பேசினார். மனைவி கணவனுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பது கடவுள் போட்ட சட்டம், வெரின் தன் மனசாட்சிப்படி அந்தச் சட்டத்தைத்தான் நடத்துகிறான், மனசாட்சிக்காகத் தண்டிப்பதில்லை என்று சொல்லும் நீங்கள் இவனை எப்படித் தண்டிப்பீர்கள் என்று கேட்டார். மடக்கிப் போடும் கேள்வி. நம் குழுவிலும் இப்படித்தானே பேசினோம்? அவர் குடும்பம், அவர் நம்பிக்கை, அவர் உரிமை என்று.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? உன் மனசாட்சி உனக்கு. அவள் மனசாட்சி அவளுக்கு. உன் மனசாட்சி அவளைப் பூட்டி வைக்கச் சொன்னால், அங்கே உன் உரிமை முடிகிறது. 1638 மே 21-ந் தேதி, மனசாட்சிச் சுதந்திரத்தைத் தடுத்த குற்றத்துக்காக வெரினுக்கு ஓட்டுரிமை இல்லை, அவர் மனம் மாறும் வரை, என்று முடிவு செய்தார்கள்.

கவனியுங்க. அவரை அடிக்கவில்லை, ஜெயிலில் போடவில்லை, நிலத்தைப் பறிக்கவில்லை. மனைவி அடங்க வேண்டும் என்று நம்பாதே என்றும் சொல்லவில்லை. என்ன வேணா நம்பிக்கோ. ஆனால் அடுத்தவர் சுதந்திரத்தை மதிக்காதவன் ஊர்ச் சபையில் உட்கார்ந்து கை தூக்க முடியாது. அவ்வளவுதான்.

ஆனால் முடிவு நல்லா இல்லை. வெரின் கோபத்தில் சேலம் என்ற பழைய ஊருக்கே திரும்பினார், ஜேனையும் கூட்டிக்கொண்டு. ஊர் தீர்ப்பு சரி, ஆனால் அந்த அம்மாவுக்கு அதனால் என்ன கிடைத்தது? இதைப் படிக்கும்போது மனசு கனத்தது. தீர்மானம் போடுவது சுலபம். வீட்டு வாசலைத் தாண்டி ஒரு பெண்ணுக்கு உதவுவது அவ்வளவு சுலபம் இல்லை.

ஒரே கப்பல், பல சாமி

வில்லியம்ஸ் 1644-ல் லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். மனசாட்சிக்காக மனிதனைத் துன்புறுத்துவது ரத்தக்கறை படிந்த கொள்கை என்பது அதன் சாரம். யூதர், முஸ்லிம், கத்தோலிக்கர், சிலை வணங்குபவர் எல்லாருக்கும் விட்டுக்கொடுக்கச் சொன்னார். சிலை வணங்குபவர் என்றால் யாரு? நம்மைப் போன்றவர்கள்தான். அதே வருஷம் பாராளுமன்றம் அந்தப் புத்தகத்தைக் கொளுத்த உத்தரவு போட்டது.

அதில் ஓர் உவமை எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு சமய சபை என்பது ஊருக்குள் இருக்கும் ஒரு வைத்தியர் சங்கம் மாதிரி, இல்லையென்றால் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி மாதிரி என்கிறார். அதுக்குள் சண்டை வரலாம், பிரியலாம், கலைஞ்சே போகலாம். அதனால் ஊர் அமைதி கெடாது. ஏனென்றால் ஊர் வேறு, சங்கம் வேறு. நம் பினாங்கை 1786-ல் எடுத்ததே அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் என்பதால் இந்த உவமை சட்டென்று மனசில் பதிந்தது.

சரி, அப்போ எல்லை எங்கே? மனசாட்சி என்று சொல்லி யார் வேணா என்ன வேணா செய்யலாமா? இந்தக் கேள்வி பிராவிடன்ஸ் ஊரிலேயே வந்தது. சிலர், எங்கள் மனசாட்சிக்கு ஒத்துவரவில்லை, ஊர்ச் சட்டம் எதுக்கும் கட்டுப்பட மாட்டோம், எங்களைத் தண்டிக்கவும் கூடாது என்று கிளம்பினார்கள். வில்லியம்ஸ் 1655-ல் ஊராருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், யூதர், துருக்கியர் எல்லாரும் இருக்கிறார்கள். கப்பல் பிரார்த்தனைக்கு யாரையும் கட்டாயமாக இழுக்கக் கூடாது. அவரவர் பிரார்த்தனையை யாரும் தடுக்கவும் கூடாது. ஆனால் கப்பலை ஓட்டுவது, ஒழுங்கு, பாதுகாப்பு, கூலி விஷயங்களில் கேப்டன் சொல் கேட்கத்தான் வேண்டும். எனக்கு வேற சாமி, அதனால் கப்பலில் ஓட்டை போடுவேன் என்றால் விட முடியாது.

நாங்கள் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர்கள், இது உடனே புரிந்தது. எங்கள் லைனில் மலாய்க்காரர், சீனர், நம்மவர், நேப்பாளி, வங்காளதேசி என்று ஒரு ஷிப்டுக்கு 40 பேர். சேஃப்டி ஷூ போடு என்று சூப்பர்வைசர் சொல்லலாம். மெஷினில் கை விடாதே என்று சொல்லலாம். ஆனால் லாக்கருக்குள் எந்த சாமி படம் வச்சிருக்கே என்று கேட்கும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு இல்லை. கேட்க ஆரம்பித்தால் அந்த லைன் ஒரு வாரம் தாங்காது.

இங்கிலாந்தில் ஜான் லாக் என்ற அறிஞர் 1689-ல் இதையே இன்னும் தெளிவாகச் சொன்னார். ஒருத்தன் தன் கன்றுக்குட்டியை வீட்டில் அறுக்கச் சட்டம் இடம் கொடுத்தால், அதையே பூஜையில் அறுப்பதையும் தடுக்கக் கூடாது. குழந்தையைப் பலி கொடுப்பதை வீட்டிலும் சட்டம் விடாது, அதனால் கோயிலிலும் விடாது. அதாவது சமயத்துக்கென்று தனியாக ஒரு தடையும் வேண்டாம், தனியாக ஒரு சலுகையும் வேண்டாம். ஆனால் அந்த லாக்கே நாத்திகர்களுக்கு இடமில்லை என்றார். வெளிநாட்டு அரசனுக்குக் கட்டுப்பட்ட சபைக்கும் இடமில்லை என்றார். அவர் காலத்தில் அது கத்தோலிக்கர்களைக் குறித்தது. 45 வருஷம் முன்னாடியே வில்லியம்ஸ் அவரைத் தாண்டிப் போயிருந்தார்.

வெறுத்தார், ஆனால் விரட்டவில்லை

1656-ல் குவேக்கர் என்ற புதுப் பிரிவினர் பாஸ்டனுக்கு வந்தார்கள். பாஸ்டன் அவர்களைச் சவுக்கால் அடித்தது, காதை அறுத்தது. 1659-ல் இரண்டு பேரைத் தூக்கில் போட்டது. 1660 ஜூன் 1-ந் தேதி மேரி டயர் என்ற பெண்மணியையும் தூக்கில் போட்டது. அவர் ரோட் ஐலண்டில் நிம்மதியாக இருந்திருக்கலாம். அநியாயச் சட்டத்தை எதிர்க்க வேண்டும் என்றே திரும்பத் திரும்பப் பாஸ்டனுக்குப் போனார்.

1657-ல் சுற்றியிருந்த காலனிகள் ரோட் ஐலண்டுக்குக் கடிதம் போட்டன. குவேக்கர்களை விரட்டு என்று மிரட்டல். ரோட் ஐலண்ட் தலைவர் பெனடிக்ட் ஆர்னால்ட் பதில் எழுதினார். வாயால் பேசுவதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க எங்களிடம் சட்டம் இல்லை. தவிர, தாராளமாகப் பேச விடும் இடத்துக்கு அவர்களே வர விரும்புவதில்லை, அடிபடும் இடத்தில்தான் அவர்களுக்கு ஆள் சேருகிறது என்று. எவ்வளவு அனுபவ அறிவு பாருங்க. இந்த ஆர்னால்ட் யார் தெரியுமா? வெரினுக்காகப் பேசினாரே வில்லியம் ஆர்னால்ட், அவர் மகன்தான். ஒரு தலைமுறையில் மனுஷன் மாற முடியும்.

வில்லியம்ஸுக்குக் குவேக்கர்களைக் கொஞ்சமும் பிடிக்காது. அவர்கள் கொள்கை தப்பு என்று வாதாட, 1672-ல் கிட்டத்தட்ட 70 வயசில் ஒரு நாள் முழுக்கத் தானே துடுப்பு போட்டு நியூபோர்ட் ஊருக்குப் போனார். மூணு நாள் அங்கே வாதம், பிறகு ஒரு நாள் பிராவிடன்ஸில். அதுக்கப்புறம் 1676-ல் அவர்களைத் திட்டி ஒரு தடித்த புத்தகமே எழுதினார். ஆனால் அவர்களை ஊரை விட்டு விரட்ட ஒரு விரலும் தூக்கவில்லை. அந்த நேரத்தில் ரோட் ஐலண்ட் கவர்னரே ஒரு குவேக்கர்தான்.

சகிப்புத்தன்மை என்று நாம் சொல்கிறோமே, அதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பிடித்தவனை விட்டுவைப்பது சகிப்பு இல்லை. எல்லாம் ஒண்ணுதான் என்று வாய்க்கு வாய் சொல்வதும் சகிப்பு இல்லை. தப்பு என்று நினைக்கிறேன், முகத்துக்கு நேரே சொல்வேன், புத்தகம் போட்டுச் சொல்வேன், ஆனால் கை வைக்க மாட்டேன். இதுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறோம். அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. குவேக்கர்களின் மரியாதை இல்லாத பேச்சை மட்டும் அளவோடு தண்டிக்கலாம் என்று அவரே அந்தப் புத்தகத்தில் சறுக்கியிருக்கிறார். 1676 போரில் பிராவிடன்ஸ் எரிந்த பிறகு, பிடிபட்ட பூர்வகுடி மக்களை ஊழியத்துக்கு விற்ற குழுவில் அவரும் இருந்தார். காசு கொடுத்து வாங்காத நிலம் நம்முடையது இல்லை என்று சொன்ன அதே மனுஷன். ரோட் ஐலண்டும் பின்னாளில் சறுக்கியது. 1719-ல் அச்சிட்ட சட்டத் தொகுப்பில் கத்தோலிக்கர்களுக்கும் கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் ஓட்டுரிமை இல்லை என்று இருந்தது. 1762-ல் ஆரோன் லோபஸ் என்ற யூத வியாபாரிக்குக் குடியுரிமை மறுத்தார்கள். அவர் மாசசூசெட்ஸ் போய் வாங்கிக்கொண்டார்! விரட்டிய ஊர் கொடுத்தது, வரவேற்ற ஊர் மறுத்தது. சுதந்திரம் ஒருமுறை எழுதி வைத்தால் தானாக ஓடும் மெஷின் இல்லை. தினம் எண்ணெய் விட வேண்டும்.

இருந்தாலும் 1663-ல் இரண்டாம் சார்லஸ் ராஜாவிடம் அவர்கள் வாங்கிய சாசனம் பெரிய விஷயம். சமயக் கருத்து வேற்றுமைக்காக யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது, அவர் ஊர் அமைதியைக் குலைக்காத வரை, அடுத்தவருக்குத் தீங்கு செய்யாத வரை என்று அதில் எழுதியிருந்தது. அந்தச் சாசனம் 1843 வரை நடப்பில் இருந்தது. வில்லியம்ஸைத் துரத்திய தீர்ப்பை மாசசூசெட்ஸ் 1936-ல்தான் ரத்து செய்தது. 300 வருஷம் கழித்து!

பொறுத்துக்கொள்வதா, உரிமையா?

தனிமனித சுதந்திரம் பேசுகிறவர்களை லிபர்டேரியன் என்று சொல்கிறார்கள். பிள்ளை விளக்கியதில் எங்களுக்குப் புரிந்தது இதுதான். உன் உடம்பு உன்னுடையது, உன் உழைப்பில் வந்தது உன்னுடையது, உன் மனசு உன்னுடையது. அடி, திருட்டு, ஏமாற்று, இந்த மூணையும் தடுக்கத்தான் அரசாங்கம். மற்றதில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் சொல்லும் எல்லாத்தையும் நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏழைக்கு உதவ அரசாங்கம் வேண்டாம் என்று சிலர் சொல்வது எங்களுக்கு ஒத்துவராது. ஆனால் சமய விஷயத்தில் இந்த அளவுகோல் தெளிவாக இருக்கிறது.

1790-ல் ஜார்ஜ் வாஷிங்டன் நியூபோர்ட் யூத ஆலயத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு கூட்டம் பெரிய மனசு பண்ணி இன்னொரு கூட்டத்தைப் பொறுத்துக்கொள்கிறது என்ற பேச்சுக்கே இனி இடமில்லை, இது எல்லாருக்கும் பிறப்பிலேயே உள்ள உரிமை என்பது அதன் கருத்து. சிறுபான்மையாக வாழும் நமக்கு இதன் அருமை தெரியும். "விட்டுவச்சிருக்கோம்" என்று நம்மை யாராவது சொன்னால் எப்படி வலிக்கும்? அப்போ நம் வீட்டுக்குள், நம் குழுவுக்குள் இருக்கும் சிறுபான்மையிடம் நாம் எப்படிப் பேசுகிறோம்?

நம் நாட்டு அரசியல் சட்டம் 11-வது பிரிவும் ஒவ்வொருவருக்கும் தன் சமயத்தைப் பின்பற்றும் உரிமை தருகிறது. தன் சமயம் அல்லாத வேறு சமயத்துக்கென்று ஒதுக்கப்படும் வரியைக் கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொல்கிறது. சமயக் குழுக்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம் என்கிறது. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் பற்றிய சட்டங்களை மீற முடியாது என்று எல்லையும் போடுகிறது. நடைமுறையில் எப்படி என்று ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். நாம் கோர்ட்டு வாசலில் நின்று எந்த உரிமையைக் கேட்கிறோமோ, அதே உரிமையை வீட்டு வாசலில் கொடுக்கிறோமா என்பதுதான் இந்தப் பதிவின் கேள்வி.

அளவுகோலை நமக்கே வைத்துப் பார்ப்போம். யாராவது நம் சிலையை உடைத்தால், உண்டியலைத் திருடினால், அது சகிக்கும் விஷயம் இல்லை. போலீசில் புகார் கொடுக்க வேண்டும். நம் சாமியைக் கேவலமாகப் பேசினால்? வலிக்கும், நல்லா வலிக்கும். பதில் பேசுவோம், எழுதுவோம், அவர் கடையில் சாமான் வாங்காமல் விடுவோம். ஆனால் மனசு புண்பட்டதை வைத்து அடுத்தவரை உள்ளே தள்ளலாம் என்றால், நாளைக்கு நாம் உருவம் வைத்துக் கும்பிடுவதே இன்னொருவர் மனசைப் புண்படுத்தலாம். புண்பட்ட மனசுக்கு அளவுகோல் கிடையாது. உடைந்த சிலைக்கு உண்டு.

இன்னொரு பக்கமும் உண்டு. ராத்திரி 2 மணிக்கு நாம் உருமி அடித்தால், பக்கத்து வீட்டு சீன ஆயாவின் தூக்கத்தை அவர் சம்மதம் இல்லாமல் எடுத்துக்கொள்கிறோம். பக்தி என்ற பெயரில் எடுத்தாலும் எடுத்ததுதான்.

அக்கா விஷயத்துக்கு வருவோம்

இப்போ மூணு கேள்வியைத் தனித்தனியாகப் பிரிக்கலாம். நாங்கள் எல்லாத்தையும் போட்டுக் குழப்பியிருந்தோம்.

ஒன்று, அக்கா ஜெபக் கூட்டத்துக்குப் போகலாமா? அது அவர் மனசாட்சி. நமக்கு வருத்தம் இருக்கலாம். உட்கார்ந்து பேசலாம். நாம் ஏன் அந்த ஆபரேஷன் நேரத்தில் ஒரு வேளைச் சோறு கொண்டு போய்க் கொடுக்கவில்லை என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம். 11 வருஷம் நம் கோயிலுக்குக் காய் நறுக்கியவர் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். இதை எழுதவே வெட்கமா இருக்கு.

இரண்டு, கோயிலுக்கு விதி போடும் உரிமை உண்டா? உண்டு. வைத்தியர் சங்கம் போலத்தான், உள்ளே யார் எந்தப் பொறுப்பில் என்று கோயில் முடிவு செய்யலாம். கமிட்டியில் பேசினோம். மடப்பள்ளிக்குள் நைவேத்தியம் செய்பவர்கள் நம் சமய முறைப்படி இருப்பவர்களாக இருக்க வேண்டும். அது கோயில் விதி, மாறாது. வெளியே அன்னதானக் கொட்டகையில் காய் நறுக்க, பாத்திரம் கழுவ, பந்தி பரிமாற யார் வேணா வரலாம். தைப்பூசத்துக்கு நம் சீன நண்பர்கள் வந்து தண்ணி கொடுக்கவில்லையா? அவர்களிடம் என்ன மதம் என்றா கேட்டோம்?

மூன்று, சாவி. இதில் கமிட்டிக்குப் பேச்சே இல்லை. சாவி அக்காவுடையது. கணவர் வருத்தப்படலாம், வாதாடலாம், சாப்பிடாமல் உட்காரலாம். சாவியை எடுக்கக் கூடாது. கட்டை விரல் தூக்கிய 37 பேரும் வெரின் பக்கம் நின்றவர்கள். நாங்களும்தான்.

அதனால் எங்களில் நாலு பேர் போன செவ்வாய்க்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனோம். அண்ணனிடம் சண்டை போடவில்லை. "அண்ணே, நாங்க குழுவில் கைதட்டினது தப்பு. உங்களை ஏத்தி விட்டது நாங்கதான்" என்று மட்டும் சொன்னோம். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அவ போயிடுவாளோன்னு பயம், அதான்" என்றார். கோபம் என்று நாங்கள் நினைத்தது பயமாக இருந்தது. அக்கா தே கலந்து கொண்டு வந்து வைத்தார். எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்கும் உரிமையும் எங்களுக்கு இல்லை. கிளம்பும்போது பார்த்தோம், சாவி கதவுப் பக்கத்து ஆணியில் தொங்கியது. நாங்கள் போகும் முன்னாடியே திரும்பி வந்துவிட்டதா, அன்றைக்குத்தான் வந்ததா, கேட்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அக்கா வரவில்லை. இந்த வெள்ளிக்கிழமை வருவாரா தெரியாது. அவர் உட்காரும் பலகையும் கத்தியும் அதே இடத்தில் இருக்கிறது. வந்தால் சந்தோஷம். வரவில்லை என்றாலும் யாரும் எதுவும் கேட்கக் கூடாது, குழுவில் ஒரு வரியும் எழுதக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம். கேள்வி கேட்ட அந்தத் தம்பிக்கு எல்லார் சார்பிலும் நன்றி. அன்றைக்கு உங்களுக்குப் பதில் சொல்லாததுக்கு மன்னிச்சுக்குங்க தம்பி.

இந்த வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வெங்காயம் 30 கிலோ உரிக்கணும். கை குறைவா இருக்கு. முடிஞ்சவங்க வாங்க.

திருச்சிற்றம்பலம்.